அரை டன் பிக்கப், 7,600 பவுண்டு டிரெய்லர்: எந்த ஹிட்ச்?

மார்ச் 3, 2024 (வாசகர் கேள்வி)

டெக்சஸில் இருக்கிறேன். நான்கு கதவு வைத்த, அரை டன் என்று சொல்லும் ரகப் பிக்கப். இழுவைத் திறன் 11,000 பவுண்டு என்று விற்பனைத் தாளில் போட்டிருக்கிறது. 26 அடி பயண டிரெய்லர் (உள்ளேயே தங்கும் இழுவண்டி) ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அதன் வெற்று எடை 5,900 பவுண்டு, மொத்த எடை வரம்பு 7,600. வண்டியிலேயே நான்காம் வகுப்பு ரிசீவர் (ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியைச் செருகும் குழல்) இருக்கிறது. கடைக்காரர் "உருண்டையைத் தாங்கும் ஒரு பால் மவுன்ட் வாங்கினால் போதும், பின்பக்கம் தாழ்ந்தால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். நண்பர் ஒருவர் எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது என்கிறார். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு

உங்கள் நண்பர் பக்கம் நான். விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 11,000-ஐ மறந்துவிடுங்கள். அது இழுக்கும் திறன். உங்களை மாட்டிவிடப் போவது சுமக்கும் திறன்.

மூன்று அட்டைகளைப் படித்து இங்கே எழுதுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த அட்டை ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த எண் உங்கள் வண்டிக்கென்றே அச்சிடப்பட்டது. அதே மாடலில் கண்ணாடிக் கூரையும் மற்ற சொகுசுகளும் வைத்த வண்டிக்கு எண் குறைந்திருக்கும், ஆகவே அண்டை வீட்டுக்காரரின் வண்டியைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அதன் அருகிலேயே மொத்த எடை வரம்பும் சக்கர அச்சுகளின் வரம்புகளும் உள்ள அட்டை. மூன்றாவதற்குக் கொஞ்சம் குனிய வேண்டும்: ரிசீவரின் மேலேயே ஒட்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை. அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

மார்ச் 4

எண்கள் வந்துவிட்டன. ஆட்களும் சரக்கும்: 1,620 பவுண்டு. மொத்த எடை வரம்பு: 7,050. பின் அச்சு வரம்பு: 3,800. ரிசீவர் அட்டையில், வெறும் பால் மவுன்ட் என்றால் டிரெய்லர் 5,000, முன்பாரம் 500. எடை பகிரும் ஹிட்ச் என்றால் 12,000, 1,200.

வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் டிரெய்லர் ஒரு தட்டு, ஒரு கரண்டி ஏற்றாமல் நின்றாலே 5,900. ரிசீவரைச் செய்தவரே வெறும் பால் மவுன்டில் 5,000-க்கு மேல் இழுக்காதே என்று ஒட்டி வைத்திருக்கிறார். கடைக்காரர் "நான்காம் வகுப்பு" என்ற சொல்லைப் படித்தார், அட்டையைப் படிக்கவில்லை.

வகுப்பு என்பது ஒரு முதல் சல்லடை, அவ்வளவுதான். முதல் வகுப்பு 2,000 பவுண்டு வரை, இரண்டாம் வகுப்பு 3,500 வரை. இவை ஒன்றேகால் அங்குலக் குழல், கார்களுக்கும் சிறு வண்டிகளுக்கும். மூன்றாம் வகுப்பு இரண்டு அங்குலக் குழல், 8,000 வரை என்பார்கள். நான்காம் வகுப்பு 10,000, அதற்குச் சற்று மேலும். ஐந்தாம் வகுப்பு பெரிய வண்டிகளுக்கு, அதில் இரண்டரை அங்குலக் குழலும் உண்டு. ஆனால் இந்தப் பெரிய எண்கள் பெரும்பாலும் எடை பகிரும் அமைப்போடு சேர்த்துச் சொன்னவை. ரிசீவர், மவுன்ட், உருண்டை, டிரெய்லர் மூக்கில் இருக்கும் கப்ளர் என்று நான்கு உறுப்புகள், நான்கிலும் எண் பொறித்திருக்கும். எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் திறன்.

மார்ச் 4, மாலை

முன்பாரம் என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இது பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம். பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் தொண்டையைப் பிடிக்கும். டிரெய்லரின் மூக்கு உங்கள் உருண்டையின் மீது எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்பதுதான் முன்பாரம்.

பயண டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 15-க்கு மேலே போனால் பிக்கப்பின் பின் அச்சும் ரிசீவரும் திணறும். நான் 12, 13-இல் வைத்துக்கொள்வேன்.

உங்கள் விற்பனைத் தாளில் முன்பாரம் 620 என்று இருக்கிறது என்கிறீர்கள். அது வெற்று வண்டிக்கு. எரிவாயு உருளைகள் இரண்டு, பேட்டரி ஆகியவை எங்கே இருக்கின்றன? சரியாக மூக்கின் மேல். பல டிரெய்லர்களில் பெரிய சாமான் அறையும் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே ஏற்றிய பிறகு 900 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

குடும்பம் நால்வர், 560. ஹிட்ச் அமைப்பின் சொந்த எடை, 90. பிக்கப் பெட்டியில் ஜெனரேட்டர், அடுப்பு, நாற்காலிகள் என்று நீங்கள் எழுதியது, 200. முன்பாரம் 900. கூட்டினால் 1,750. அட்டை சொல்வது 1,620. இழுவைத் திறனில் இன்னும் மூவாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே சுமைத் திறன் தீர்ந்துவிட்டது. அரை டன் வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து முட்டும் சுவர் இதுதான்.

மார்ச் 5

"வெற்று எடை" என்ற எண்ணை யார் கண்டுபிடித்தார்களோ! அந்த எடையில் அந்த டிரெய்லர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்குப் பிறகு ஒருபோதும் இருக்கப் போவதில்லை. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம் கூடும், பின்னால் இருந்தால் குறையும். உங்கள் தொட்டி எங்கே என்று கட்டிலைத் தூக்கிப் பாருங்கள். ஹிட்ச் தேர்வுக்கு மொத்த எடை வரம்பையே எடுத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு அது 7,600.

மார்ச் 7

ஏர்பேக் விஷயம். இதற்குத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேள்வி கேட்டவர் மட்டுமல்லாமல் இன்னும் மூவர் அதே ஆலோசனையைப் பெற்றிருக்கிறார்கள்.

உருண்டை பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கு நான்கு அடி பின்னால் இருக்கிறது. அங்கே 900 பவுண்டு அழுத்தினால் பின் அச்சு சுழல்மையமாகி வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். இரு அச்சுகளுக்கும் இடையே 145 அங்குலம், உருண்டை வரை 48 அங்குலம் என்று வையுங்கள். 900-ஐ 48-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 300. அதாவது முன் அச்சிலிருந்து 300 பவுண்டு காணாமல் போகிறது. பின் அச்சுக்கு 900-ம் அந்த 300-ம் சேர்ந்து 1,200 போகிறது. திசை திருப்புவது முன் சக்கரம். பிரேக் போடும்போது பெரும் பங்கு வேலை செய்வதும் முன் சக்கரம். அதிலிருந்துதான் 300 போகிறது. இரவில் முன்விளக்கு மேல்நோக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

ஏர்பேக் பின்பக்கத்தை உயர்த்தும். பார்க்க வண்டி நேராக நிற்கும். முன் அச்சுக்கு ஒரு பவுண்டுகூடத் திரும்பாது. தாழ்ந்திருந்தபோது கண்ணுக்குத் தெரிந்த கோளாறை அது மறைக்கிறது, அதனால் எனக்கு அதன் மீது கொஞ்சம் கோபம்கூட உண்டு. பிக்கப் பெட்டியில் சரக்கு ஏற்றுபவர்களுக்கு அது நல்ல சாமான்தான். இந்த வேலைக்கு உரியதல்ல.

எடை பகிரும் ஹிட்ச்சில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்ச் தலையிலிருந்து டிரெய்லர் சட்டத்தின் இருபுறமும் பின்னோக்கிப் போகும். அவற்றை இறுக்கினால் அந்த நெம்புவிசை ஒரு பங்கை முன் அச்சுக்கும் ஒரு பங்கை டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளும். பின் அச்சு மூச்சுவிடும். எடை எங்கும் மறைந்துவிடாது, மூன்று இடங்களில் பிரிந்து நிற்கும்.

மார்ச் 7, சிறிது நேரம் கழித்து

ஒருவர் ஆட்சேபிக்கிறார்: டிரெய்லர் அச்சுக்கு ஒரு பங்கு திரும்பிப் போகிறதென்றால் மார்ச் 4 கணக்கில் 900 முழுவதையும் பிக்கப் தலையில் ஏன் கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. இந்த அளவு டிரெய்லரில் சுமார் 100 பவுண்டு திரும்பும். ஹிட்ச்சின் சொந்த எடையே 90 பவுண்டு. வந்ததும் போனதும் சரி. வாங்குவதற்கு முன் போடும் கணக்கில் அந்த 100-ஐ நான் சேர்க்க மாட்டேன். எடைமேடையில் நிறுத்தும்போது வந்தால் வரட்டும்.

மார்ச் 9

உருண்டை. இதில்தான் உண்மையாகவே உயிர் போகும், ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒன்று ஏழு எட்டு (1 7/8), இரண்டு, இரண்டு ஐந்து பதினாறு (2 5/16), மூன்று: அங்குலத்தில் நான்கு அளவுகள். உங்கள் டிரெய்லருக்கு இரண்டு ஐந்து பதினாறாக (2 5/16) இருக்கும். கப்ளர் மேலேயே பொறித்திருக்கும், பாருங்கள். சிறிய கப்ளரைப் பெரிய உருண்டையின் மேல் வைத்தால் உட்காராது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து எதிர்த்திசையில். 2 5/16 கப்ளர் இரண்டு அங்குல உருண்டையின் மேல் அழகாக உட்காரும். தாழ்ப்பாளும் விழும். விளக்கும் எரியும். தெருமுனை வரை ஒழுங்காக வரும். முதல் பெரிய மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்று எழும்பிவிடும்.

சான் அன்டோனியோவுக்கு வெளியே ஒரு வாடகை முற்றத்தில் இதை நேரில் பார்த்தேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் மண்வெட்டும் இயந்திரம் ஏற்றிய டிரெய்லரைக் கட்டிக்கொண்டு புறப்பட இருந்தார். கைப்பிடி தாழ்ந்திருந்தது, ஊசியும் போட்டிருந்தார். அங்கே வேலை செய்த முதியவர் ஒன்றும் பேசாமல் டிரெய்லரின் முன் ஜாக்கைச் சுழற்றினார். கப்ளர் தனியாக மேலே வந்தது. பிக்கப் அசையவே இல்லை.

அந்தச் சோதனையை அன்றிலிருந்து நான் விடுவதில்லை. பூட்டிய பிறகு ஜாக்கால் மூக்கைத் தூக்குங்கள். சரியாகப் பூட்டியிருந்தால் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பும். எழும்பவில்லை என்றால் கப்ளர் உருண்டையைப் பிடிக்கவில்லை.

உருண்டைக்குக் கீழே உள்ள தண்டின் கனமும் ஒரு கணக்கு. முக்கால், ஒன்று, ஒன்றேகால் அங்குலம் என்று வரும். துளைக்கும் தண்டுக்கும் இடையே ஆட்டம் இருக்கக் கூடாது. ரிசீவர் குழலில் போடும் ஊசி இரண்டு அங்குலக் குழலுக்கு எட்டில் ஐந்து (5/8) அங்குலம். மெல்லிய ஊசியை நுழைத்து "போதும்" என்பவர்களை நான் தெருவில் எங்கும் பார்க்கிறேன்.

மார்ச் 9, இரவு

ஒன்று விட்டுவிட்டேன். பின் பம்பரிலேயே துளை இருக்கிறதே, அதில் உருண்டையை மாட்டலாமா என்று தனிச் செய்தியில் ஒருவர். புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாட்டலாம். உங்கள் டிரெய்லருக்கு வேண்டாம். பம்பரிலும் எண் பொறித்திருக்கிறது, படித்தால் ஆசை தானே அடங்கும்.

மார்ச் 12

10 முதல் 15 என்றது எல்லா டிரெய்லருக்கும் பொருந்தாது என்று படகு வைத்திருப்பவர் எழுதியிருக்கிறார். சரி. படகு டிரெய்லர்களில் எடை பெரும்பாலும் பின்னால் இருக்கும் மோட்டாரில். அங்கே அதைவிடக் குறைந்த முன்பாரத்தோடு செய்பவரே அமைத்திருப்பார். அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். பல படகு டிரெய்லர்களில் பிரேக்கே உருண்டையின் மீது ஏற்படும் தள்ளலால் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகை. அதனோடு எல்லா எடை பகிரும் ஹிட்ச்களும் ஒத்துப்போகாது, வாங்குமுன் கேளுங்கள்.

ஜெர்மனியிலிருந்து ஒருவர் "இங்கே 75, 100 கிலோ முன்பாரத்தோடு எல்லோரும் கேரவன் இழுக்கிறோம், நீங்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்" என்கிறார். ஐயா, அங்கே கேரவனோடு 80 கிலோமீட்டர், தனி அனுமதி வாங்கினால் 100. இங்கே டெக்சஸின் மேற்கில் ஐ-10 சாலையில் எழுதிப் போட்ட வேகமே மணிக்கு 80 மைல். கேரவன்களின் வடிவமும் வேறு, எடையும் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்கு எடுத்துப் போட முடியாது.

மார்ச் 13

80 மைல் என்று எழுதியதை யாராவது அனுமதியாக எடுத்துக்கொள்வதற்கு முன்: பயண டிரெய்லர்களில் வரும் எஸ்.டி. வகை (டிரெய்லருக்கென்றே செய்த) டயர்களில் பல 65 மைலுக்கு மதிப்பிடப்பட்டவை. டயர் ஓரத்தில் வேக எழுத்து இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவுக்குப் போனால் டிரெய்லர் இழுப்பவருக்குச் சட்டமே 55.

நான் 62-இல் போகிறேன். பின்னால் வருபவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டுகிறார்கள். திட்டட்டும்.

மார்ச் 16

வாலாட்டம் பற்றி. எடை பகிர்வதும் ஆட்டத்தை அடக்குவதும் இரண்டு வேறு வேலைகள். சில ஹிட்ச்கள் இரண்டையும் செய்கின்றன, சில ஒன்றை மட்டும்.

மிக மலிவானது தனியாகப் பக்கத்தில் மாட்டும் உராய்வுக் கம்பி. சிறிய டிரெய்லருக்குப் போதும். பின்னோக்கி எடுக்கும்போது அதைக் கழற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது; கழற்றாமல் திருப்பினால் கம்பி வளையும். மழையில் இறங்கிக் கழற்றும்போது மலிவாக வாங்கியதன் விலை தெரியும். அடுத்தது ஸ்பிரிங் கம்பிகள் தம் தாங்கிகளிலேயே உராய்ந்து ஆட்டத்தைத் தடுக்கும் வகை. ஈக்வலைசர் என்ற பிராண்டு இந்த வகை. உங்கள் எடைக்கு இதுதான் நான் சொல்வது. பின்னோக்கி எடுக்கக் கழற்ற வேண்டாம். சத்தம் மட்டும் போடும். வாகன நிறுத்தத்தில் திரும்பும்போது எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

இதற்கும் மேலே ஹென்ஸ்லி, புரோப்ரைட் என்ற பிராண்டுகளின் வகை உண்டு. இணைப்புத் தண்டுகளால் சுழல்மையத்தையே பின் அச்சுக்கு அருகே இருப்பதுபோல முன்னால் கொண்டுபோய்விடும். ஆட்டத்தைக் குறைப்பது என்பதைவிட, தொடங்கவே விடாமல் செய்வது. விலை மற்றவற்றின் பல மடங்கு, எடையும் கூட. உங்கள் சுமைத் திறனில் அந்தக் கூடுதல் எடைக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் கேளுங்கள். எந்த ஹிட்ச்சும் தவறாக ஏற்றிய டிரெய்லரைத் திருத்தாது. நண்பர் ஒருவரின் டிரெய்லரோடு ஃபோர்ட் டேவிஸ் பக்கம் போனோம், அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பின் பம்பரில் நான்கு சைக்கிள்கள், பின் தொட்டியில் கழிவுநீர். லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. முதலில் காற்று டிரெய்லரின் பின்பக்கத்தைத் தள்ளியது, பிறகு முன்பக்கத்தைத் தள்ளியது. பின் கண்ணாடியில் டிரெய்லர் ஒரு பக்கம் தெரிந்தது, பிறகு மறுபக்கம் தெரிந்தது. அவர் ஒன்றே ஒன்று சரியாகச் செய்தார்: கால் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தார். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்ததால் நேராயிற்று. அடுத்த நிறுத்தத்தில் சைக்கிள்கள் பிக்கப் பெட்டிக்கு வந்தன, தொட்டி காலியானது. திரும்பும்போது அதே சாலை, அதே காற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஹிட்ச் ஒன்றும் மாறவில்லை.

அந்தக் கைவிசை எங்கே இருக்கிறது என்று இப்போதே வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள்.

மார்ச் 18

"பேசாமல் ஃபிஃப்த் வீல் (பிக்கப் பெட்டிக்குள் இணையும் டிரெய்லர்) வாங்குங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று ஒரு குரல். பாதுகாப்பு என்பது உண்மை. பிக்கப் பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால் பாரம் இறங்குகிறது; நெம்பும் கை இல்லை, வாலாட்டமும் பெரும்பாலும் இல்லை. கூஸ்நெக் உருண்டையும் அதே இடத்தில்தான். ஆனால் அங்கே முன்பாரம் 20 முதல் 25 சதவீதம். 10,000 பவுண்டு டிரெய்லருக்கு 2,000-க்கு மேல். கேட்டவரின் அட்டையில் 1,620, அதில் நான்கு பேர் வேறு உட்கார வேண்டும். மேலும் ஐந்தரை அடிப் பெட்டி என்றால் திரும்பும்போது டிரெய்லரின் மூலை ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடியை முத்தமிடும்; நகரும் வகை ஹிட்ச் வாங்க வேண்டும். முக்கால் டன், ஒரு டன் வண்டிக்காரர்களின் பேச்சு இது.

பின்டில் கொக்கி பற்றியும் ஒருவர். ராணுவ டிரெய்லருக்கும் கட்டுமான வேலைக்கும் அது அருமை. குழந்தைகள் தூங்க வேண்டிய வண்டிக்கு வேண்டாம். கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையே இருக்கும் ஆட்டத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் கடகடவென்று முதுகில் இடிக்கும்.

மார்ச் 20

அந்த 11,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டது. பிறகு ஜே2807 என்ற பொது விதிமுறை வந்தது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதை ஏற்றது, மற்றவர்கள் கொஞ்சம் இழுத்தடித்து வந்தார்கள். அதில் ஒரு சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் சாலையை அளவுகோலாக வைத்தது: 11 மைலுக்கு மேல் விடாத ஏற்றம், ஏறத்தாழ 3,000 அடி உயரம், அடிவாரத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டியின் வேகம் 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது.

நல்ல சோதனை. எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஓட்டுநரும் ஒரு துணையும் மட்டும் இருக்கும் வண்டிக்கான எண். இரண்டு குழந்தைகள், நாய், பெட்டி நிறையச் சாமான் என்று ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். விளம்பரத்தில் அந்தப் பகுதி சிறிய எழுத்தில்.

மார்ச் 21

சங்கிலிகள். மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தப் பிணைப்பில் விழும். திரும்பப் போதிய தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

டிரெய்லர் கழன்று போனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் அவசரப் பிரேக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாதீர்கள், பால் மவுன்டிலும் மாட்டாதீர்கள். ரிசீவரோடு எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் இழுபட வேண்டிய கம்பி அது, ஆகவே பிக்கப்பின் சட்டத்தில் தனி இடம் பாருங்கள். அது டிரெய்லர் பேட்டரியில் வேலை செய்கிறது. பேட்டரி செத்திருந்தால் அது வெறும் அலங்காரம். நின்ற இடத்தில் அந்தக் கம்பியின் முனையில் உள்ள ஊசியை இழுத்துவிட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள், சக்கரம் இறுகினால் சரி.

டெக்சஸில் டிரெய்லர் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 1,500-இலேயே.

மார்ச் 30

கேள்வி கேட்டவர் ஹிட்ச் வாங்கிவிட்டார். ஸ்பிரிங் கம்பி தேர்வில் மறுபடியும் ஒரு சந்தேகம்: கடையில் 1,400 பவுண்டு முன்பாரத்துக்கான கம்பியைத் தள்ளப் பார்த்தார்களாம், "பலமாக இருந்தால் நல்லதுதானே" என்று. இல்லை. தேவைக்கு மேல் விறைப்பான கம்பி வளையாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அதிர்ச்சி டிரெய்லர் சட்டத்துக்குப் போகும். மிக மெல்லியது என்றால் எடை போதிய அளவு நகராது. முன்பாரம் 900, அதோடு பிக்கப்பில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் சேர்க்க வேண்டும். 1,000 போதும், சாமான் கூடினால் 1,200. அவர் 1,000 எடுத்தார். ஜெனரேட்டரும் அடுப்பும் இப்போது டிரெய்லருக்குள், அச்சுக்கு மேலே. பெட்டியில் 60 பவுண்டு மட்டும்.

முன் சக்கர வளைவின் உயரத்தை அளக்கச் சொன்னேன்: டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, மாட்டிக் கம்பி இறுக்காமல் ஒருமுறை, இறுக்கி ஒருமுறை. எழும்பிய உயரத்தில் ஏறத்தாழப் பாதி இறங்கினால் நிறுத்த வேண்டும் என்று அவர் கையேடு சொல்கிறது. பழைய ஆட்கள் முழுவதும் இறக்குவார்கள். அதற்கு மேலும் இறுக்கினால் பின் அச்சு இலேசாகி, ஈரச் சாலையில் வளைவில் பின்பக்கம் வழுக்கும். அவரவர் கையேட்டில் இருக்கும் எண்ணே கணக்கு.

ஏப்ரல் 6

எடைமேடைச் சீட்டுகள் வந்துவிட்டன. லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் மூன்று முறை நிறுத்தியிருக்கிறார். லாரிக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

பிக்கப் மட்டும், குடும்பத்தோடு: முன் அச்சு 3,300, பின் அச்சு 2,840.
டிரெய்லர் மாட்டி, கம்பி இறுக்காமல்: முன் 3,000, பின் 4,040, டிரெய்லர் அச்சுகள் 6,100.
கம்பி இறுக்கி: முன் 3,160, பின் 3,780, டிரெய்லர் அச்சுகள் 6,200.

முதல் சீட்டில் பிக்கப் 6,140. இரண்டாவதில் 7,040. வித்தியாசம் 900, அதுதான் முன்பாரம். டிரெய்லர் மொத்தம் 7,000, ஆக முன்பாரம் 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முன் அச்சில் போன 300-இல் 160 திரும்பியிருக்கிறது. இப்போது இரண்டாவது வரியின் 4,040-ஐப் பாருங்கள்: பின் அச்சு வரம்பு 3,800. கடைக்காரர் சொன்னபடி வெறும் பால் மவுன்டும் ஏர்பேக்கும் போட்டிருந்தால் வண்டி பார்வைக்கு நேராக நின்றிருக்கும், பின் அச்சில் 240 பவுண்டு கூடுதலோடு. கம்பி இறுக்கிய பிறகும் மிச்சம் 20 பவுண்டுதான். பிக்கப் மொத்தம் 6,940, வரம்பு 7,050, அங்கே 110 மிச்சம்.

இது வரம்புக்குள் இருக்கிறது, எனக்குத் திருப்தியாக இல்லை. மாமியார் வருகிறார் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இந்த வண்டியில் இடம் இருக்கிறது, எடை இல்லை. அவர் வேறு காரில் வரட்டும். காரணத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், என் பெயரை இழுக்க வேண்டாம்.

ஏப்ரல் 8

புறப்படுவதற்கு முன் உருண்டையின் நட்டை முறுக்குமானியால் சரிபார்க்கச் சொன்னேன். ஒன்றேகால் அங்குலத் தண்டுக்கு 450 அடி-பவுண்டு என்பது வழக்கம். அதற்கு ஒன்று ஏழு எட்டு அங்குலச் சாக்கெட் வேண்டும், வீட்டுப் பெட்டியில் இருக்காது; லாரி பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் அங்கேயே முறுக்கிக் கொடுப்பார்கள். ஹிட்ச் தலையின் போல்ட்டுகளுக்கு அதன் கையேட்டில் தனி எண். முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள், புதுப் பெயின்ட் நசுங்கினாலே முறுக்கு தளரும்.